வழித்துணை



சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்து, பாய்கள் சுருட்டப்படும் வேளையில், மலையடிவாரத்து ஊரிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர் நம்மை அணுகி ஒரு வினா வினவினார். அவர் மகன் கல்லூரியிற் பயில்கிறான். விடுமுறையில் தோழரோடு இடுக்கி எல்லையிலுள்ள மலைகளில் ஏறி வர அனுமதி கேட்கிறான். அடுத்த ஆண்டு மேற்படிப்பின் பொருட்டு அயல்நாடு செல்லவும் விழைகிறான். அம்மையார் கேட்டது இது: "ஐயா, குரங்கணித் தீயில் கருகிய பிள்ளைகள் முற்பிறப்பில் என்ன பாவம் செய்தார்களோ! என் பிள்ளையின் கன்மம் எப்படி இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? நான் அவனை அனுப்பலாமா?"

வண்டிக்கு நேரமாகிவிட்டபடியால் நாம் அவசரத்தில், "அனுப்பாதிருப்பதே நலம், அம்மா" என்று கூறிவிட்டோம். அவரும் தலையசைத்துச் சென்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அச்சொல் நம்மை உறுத்திக்கொண்டே வந்தது. கன்மத்தைப் பற்றி அவர் சொன்னதை நாம் மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமன்று, அதற்கு இணங்கவே விடையும் கூறிவிட்டோம். பௌத்தன் கூறத்தக்க விடை அதுவன்று. அப்பிழையைத் திருத்திக்கொள்வதற்கே இம்மாத உரையை எடுத்துக்கொண்டோம்.

முதலில் குரங்கணியில் நடந்ததை உள்ளவாறு நினைவு கூர்வோம். போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையின் அடியில் இருப்பது குரங்கணி. அதற்கு மேலே, இடுக்கி மாவட்டத்தின் எல்லையை ஒட்டி, 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இருக்கின்றது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் இரு குழுவினராக வந்து மலையேறியிருந்த முப்பதுக்கு மேற்பட்டோர் கீழே இறங்கிக்கொண்டிருந்தனர். அவர்களுள் பெண்களே மிகுதி. பிற்பகலில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. 9 பேர் மலையிலேயே மாண்டனர். தீப்புண்ணோடு மருத்துவமனைகளிற் கிடந்து பின்னர் மாண்டோரையும் சேர்த்தால் உயிரிழந்தோர் 23 பேர். அண்மையில் மணம் புரிந்துகொண்டவர்களும் அவர்களுள் இருந்தனர். இதனைக் கேள்வியுற்ற நாளில் கலங்காத தமிழ்க் குடும்பம் ஏது?

இனிக் காரணத்தை ஆராய்வோம். மார்ச்சு மாதத்தில் அம்மலையின் புல் இடுப்பளவு வளர்ந்து உலர்ந்து நிற்கும். ஒரு பொறி போதும். தீ சமநிலத்தில் ஓடுவதைவிடச் சரிவில் மேல்நோக்கி விரைந்து ஓடும். கீழே எரியும் நெருப்பின் வெப்பம் மேலேயுள்ள புல்லை முன்னரே காய்ச்சி வைத்துவிடுவதே அதற்குக் காரணம். காற்றும் துணை செய்தால் மனிதன் ஓடி வெல்ல முடியாது. அன்று காட்டில் ஏற்கனவே தீ இருந்தது. அவர்கள் சென்ற வழிக்கு முறையான அனுமதி பெறப்படவில்லை என்பதும் பின்னர் வெளியாயிற்று. புகை சூழ்ந்தபோது பலரும் கலைந்து பல திசையில் ஓடினர். உலர்ந்த புல், சரிவு, காற்று, தீயுண்டென்று அறியாமை, அறிந்து தடுப்பார் இல்லாமை. இத்தனையும் ஒருங்கு கூடின. இவற்றுள் எந்த ஒன்று அன்று இல்லாதிருந்தாலும் பலர் இன்று உயிரோடிருந்திருப்பர். அந்நிகழ்ச்சிக்குப் பிறகு, அதே 2018-இல், மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டு அரசு விதிகளை வகுத்தது. முற்பிறப்பின் பாவமே அவர்களைக் கொன்றதாயின், விதி வகுத்து ஆவதென்ன?

பகவான் இராசகிருகத்து வேணுவனத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில், சீவகன் என்னும் பரிவிராசகன் ஒருவன் இதே வினாவை அவரிடம் கொணர்ந்தான். (பாளியில் அவன் பெயர் மோளிய சிவகன். வைத்தியர் ஜீவகர் வேறு. இருவரையும் ஒருவராகக் கொள்வோர் நம்மிடையே உளர்.) மனிதன் நுகரும் இன்பமும் துன்பமும் யாவும் முன்செய்த வினையால் வருவனவே என்று சிலர் கூறுகின்றனரே, தங்கள் கருத்து யாது என்று அவன் கேட்டான். பகவான் அக்கொள்கையை ஏற்றாரில்லை. பித்தத்தால் வரும் துன்பம் உண்டு, சிலேத்துமத்தால் வருவது உண்டு, வாயுவால் வருவது உண்டு, இம்மூன்றும் கலந்து வருவது உண்டு, பருவம் மாறுவதால் வருவது உண்டு, முறைகேடாக நடந்துகொள்வதால் வருவது உண்டு, புறத்தேயிருந்து திடீரெனத் தாக்குவதால் வருவது உண்டு, எட்டாவதாக வினைப்பயனால் வருவதும் உண்டு என்று விளக்கினார். எல்லாம் பழவினையே என்போர் தாமே கண்டறியக்கூடியதையும், உலகம் மெய்யென ஒப்புக்கொண்டதையும் கடந்து பேசுகின்றனர் என்றும், அவர் கூற்றுப் பிழை என்றும் அறுதியிட்டுரைத்தார்.

எட்டில் ஒன்றே வினைப்பயன். ஆயினும் நம் வீடுகளில் அந்த ஒன்று மற்ற ஏழையும் விழுங்கிவிட்டது. 'தலையெழுத்து' என்ற சொல்லை நாம் பழைய சமயத்தோடு வாயிலிலேயே விட்டு வந்தோம் என்று பெருமை பேசுகிறோம். அதுவோ 'கன்மம்' என்னும் புதுச் சட்டை அணிந்து, நமக்கு முன்னரே விகாரையினுள் வந்து அமர்ந்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு தம்மத்தைத் தழுவினார். தாழ்ந்த பிறப்பு முன்வினையின் கூலி என்று நம் முன்னோருக்கு ஓதப்பட்ட பொய்யை முறிப்பதும் அன்று அவர் கருத்தில் இருந்தது. அப்பொய்யின் ஒரு கிளையை நம் வீட்டு வாசலில் நாமே நட்டு நீரூற்றலாமா?

இன்னும் ஒன்று கேட்போம். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள் இரவு, இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் இறந்தனர். ஏறத்தாழ எல்லோரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளும். அவர்கள் எந்த மலைக்கு உல்லாசமாக ஏறினர்? வீட்டில் பாய் விரித்துப் படுத்தவர்கள்தாமே! 'வெளியே போகாதே, வீட்டிலிரு' என்று நாம் அம்மையாருக்குக் கூறிய விடை அவர்களைக் காத்திருக்குமா? அவர்களையும் கன்மக் கணக்கில் எழுதிவிட்டால், பெருமழையில் சரியக்கூடிய மலையின் மடியில் அந்த லயங்கள் ஏன் இருந்தன என்று கேட்க ஒருவரும் இரார். கன்மம் என்ற சொல் விழும் இடத்தில் கேள்வி மடிந்துவிடுகிறது. நம் அச்சம் அதுவே.

ஆதலால் அம்மையாருக்கு நாம் கூறிய விடையைத் திரும்பப் பெறுகின்றோம். பிள்ளையைத் தடுக்க வேண்டா. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. வழிநடத்தல் என்பது நமக்கு இலேசாக வாய்த்த பேறு அன்று. 1924-ஆம் ஆண்டு, பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் எல்லா வகுப்பாருக்கும் உரிமையுண்டு என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையிற் கொணர்ந்து நிறைவேறச் செய்தார். அக்காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அரசின் ஆணை அங்கும் செல்லும் என்று நம்பி, அதே ஆண்டில் கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் தேர்த் திருவிழாவின்போது நடக்கப் போன ஈழவர்கள் அடிபட்டுத் திரும்பினர். திருவிதாங்கூரின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடப்பதற்கே அவ்வாண்டில் சத்தியாக்கிரகம் தொடங்கவேண்டியிருந்தது. நூறாண்டுக்கு முன் தெருவில் நடக்க அடிபட்டவர்களின் வழியில் வந்த நாம், நம் பிள்ளை மலையில் நடக்கப் புறப்படும்போது, "உன் கன்மம் எப்படியோ" என்று கதவை அடைக்கலாமா?

குரங்கணி வழியும் உல்லாசப் பயணிகளால் கண்டுபிடிக்கப்பட்டதன்று. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை முன்பு சிறு இரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியே தொங்கிக் கீழே இறங்கிப் போடிநாயக்கனூருக்குச் சென்றன. 1924 வெள்ளம் அவ்விரயிலைக் கொண்டுபோயிற்று. தேயிலைக்குக் கம்பி இருந்தது. தொழிலாளிக்குக் காலே கதி. கைக்குழந்தையையும் சட்டிபானையையும் சுமந்து நம் பாட்டனும் பாட்டியும் இம்மலைகளிற் கால்நடையாய் ஏறினர். தீயையும் அட்டையையும் யானையையும் அவர்கள் அறிந்திருந்தனர். அறியாதவன் அறிந்தவனைக் கேட்டுக்கொண்டு ஏறினான். குரங்கணித் தீ நாளிலும் முதலில் ஓடிச்சென்று, காயமுற்றோரைப் போர்வையிற் கிடத்திச் சுமந்தவர்கள் அவ்வூராரும் தோட்டத் தொழிலாளருமே.

போகலாம் என்றோம். எப்படிப் போவது? இங்கே பழைய ஜாதகக் கதை ஒன்று நினைவுக்கு வருகின்றது. வணிகர் கூட்டம் ஒன்று அறுபது யோசனைப் பாலையைக் கடந்தது. பகலில் மணல் நெருப்பாய்க் கொதிக்குமாதலால் இரவில் மட்டும், விண்மீன் பார்த்து வழிசொல்லும் ஒருவனை முன்வண்டியில் இருத்தி, வண்டிகளை ஓட்டினர். கடைசி இரவு வந்தது. இன்னும் ஓர் இரவுதானே என்று, எஞ்சிய விறகையும் நீரையும் கொட்டிவிட்டுப் புறப்பட்டனர். பல நாள் உறங்காத வழிகாட்டி அன்று கண்ணயர்ந்தான். மாடுகள் வந்த வழியே திரும்பிவிட்டன. விடிந்தபோது பார்த்தால், முந்தின நாள் தங்கிய அதே இடம்! நீர் இல்லை, விறகில்லை. வண்டியின் அடியில் ஆளுக்கொரு பக்கமாய்ச் சாய்ந்து சாவை எதிர்நோக்கினர்.

கூட்டத்தின் தலைவர் போதிசத்துவர். அவர் வழிகாட்டியை அடிக்கவில்லை, நாள்நட்சத்திரத்தை நோகவுமில்லை. வெயில் ஏறுமுன் சுற்றி நடந்து, ஓரிடத்தில் பசும்புல் கண்டு, அடியில் நீர் இருக்கவேண்டும் என்று தோண்டச் செய்தார். அறுபது முழத்தில் பாறை தட்டியது. எல்லாரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டனர். அவர் உள்ளே இறங்கிப் பாறையிற் காதை வைத்துக் கேட்டார். கீழே நீர் ஓடும் ஒலி! மேலே வந்து, தம் ஏவலாளனாகிய இளைஞனை அழைத்து, நீயும் கைவிட்டால் எல்லோரும் மாள்வோம் என்று கூறி, சம்மட்டியோடு இறக்கினார். பாறை பிளந்தது. அவ்விளைஞனின் பெயரைக் கதை கூறவில்லை. பகவான் இக்கதையைச் சொன்னது முயற்சியைக் கைவிட்ட ஒரு பிக்குவுக்கு. அந்த ஏவலாளனே இப்பிறப்பில் நீ என்று அவனிடம் கூறினாராம்.

கதையில் நம் மாணவர்கள் கருதவேண்டியது அந்தக் கடைசி இரவை. மலையேறுவோர்க்கு இடர் வருவது பெரும்பாலும் புறப்படும்போதன்று. முடிந்துவிட்டது, இனி என்ன என்று நீர்க்குப்பியைக் காலி செய்யும்போது.

நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றும் இதை ஒத்திருக்கின்றது. பாலக்காட்டுக்கு அருகே மலம்புழை. அங்குள்ள அணை சென்னை அரசு கட்டி, 1955-இல் காமராசரால் திறக்கப்பெற்றது. நம்மவர் பலர் குடும்பத்தோடு சென்று பார்த்த இடம். அதற்கு அப்பால் சேராட்டுக் குரும்பாச்சி மலை நெட்டுக்குத்தாக நிற்கின்றது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ஆம் நாள், அவ்வூர் இளைஞர் ஒருவர் தோழர் சிலரோடு அம்மலையில் ஏறினார். தோழர்கள் களைத்து நடுவழியில் நின்றுவிட, அவர் மட்டும் மேலே சென்றார். கால் வழுக்கிச் சரிந்து, செங்குத்தான பாறையின் முகத்தில், ஓர் ஆள் ஒடுங்கத்தக்க பிளவில் வந்து நின்றார். காலில் காயம். மேலே ஏற வழியில்லை. கீழே பார்த்தால் பாதாளம். பகலில் பாறை கொதிக்கும், இரவில் குளிர் நடுக்கும். உணவும் நீரும் இன்றி நாற்பது மணி நேரத்துக்கு மேல் அங்கே அவர் இருந்தார்.

தோழர்கள் என்ன செய்தனர்? கொம்பையும் கொடியையும் நீட்டிப் பார்த்தனர். எட்டவில்லை. உடனே இறங்கி ஓடி ஊராரிடமும் காவலரிடமும் கூறினர். ஹெலிகாப்டர் வந்தது, பாறை முகத்தை அணுக முடியாமல் திரும்பியது. நீலகிரியிலுள்ள வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இராணுவத்தார் வந்தனர். 9-ஆம் நாள் காலை வீரர் ஒருவர் மேலிருந்து கயிற்றில் இறங்கி, முதலில் நீர் கொடுத்து, பிறகு தம்மோடு பிணைத்து மேலேற்றினார்.

அவர் மீண்ட பிறகு நாட்டில் ஒரு வாதம் எழுந்தது. காட்டிற்குள் அனுமதியின்றி நுழைந்த குற்றத்துக்கு வழக்கா, மீட்க ஆன செலவு எவ்வளவு என்றெல்லாம் பேசினர். அனுமதியின்றி ஏறியது தவறே. அதை நாம் மறைக்கவில்லை. பகவான் சீவகனுக்குக் கூறிய ஆறாவது காரணம், முறைகேடான நடத்தை, இங்கே வெளிப்படை. ஆயினும் அவரை இறக்கும்வரை எவரும் அக்கணக்கைப் பார்க்கவில்லை என்பதை எண்ணுங்கள். சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவான் நட்பின் இலக்கணம் உரைத்தபோது, நல்ல தோழன் தன் நண்பன் கவனமிழந்திருக்கும் வேளையில் அவனைக் காப்பான் என்றும், இடரில் அவனைக் கைவிடான் என்றும் கூறினார். கவனமிழந்தவனைக் காப்பதே நட்பு என்ற இடத்தை நாம் ஊன்றிப் படிக்கவேண்டும். தவறு செய்தான், ஆகவே படட்டும் என்று பகவான் கூறவில்லை.

அம்மையாரின் மகன் அயல்நாடு செல்வதைப் பற்றியும் கேட்டாரன்றோ? தோழரோடு அயல்நாடு சென்று கற்ற மாணவர்களுள் நம் சமயம் மறக்கவொண்ணாதவர் சீனத்துப் பாஹியான். 399-ஆம் ஆண்டு, விநய நூல்களைத் தேடி, சில பிக்குகளோடு சாங்-ஆன் நகரிலிருந்து நடந்தே புறப்பட்டார். அப்போதே அவர் நடுவயது கடந்தவர், ஆயினும் மாணவரே. வழியில் தோழர் சிலர் பிரிந்தனர். பனிமலையைக் கடக்கையில் குளிர்காற்றில் ஹுய்சிங் என்னும் தோழர் வாயில் நுரை தள்ளி வீழ்ந்தார். என்னால் இயலாது, நீங்கள் விரைந்து செல்லுங்கள், எல்லோரும் இங்கே மாளவேண்டா என்று கூறி உயிர் நீத்தார். பாஹியான் அவ்வுடலைத் தழுவிக் கதறினார். மத்திய தேசத்தை அடைந்த பின் மற்றொரு தோழர் அங்கேயே தங்கிவிட்டார். பாஹியான் தனியே இலங்கைக்கு வந்து ஈராண்டு கற்றார். அங்கே ஒருநாள் புத்தர் திருவுருவின் முன் ஒரு வணிகன் சீனத்து வெண்பட்டு விசிறியைக் காணிக்கையாக வைத்தான். அதைக் கண்டதும் அவர் கண்களில் நீர் பெருகியது. அயல்நாட்டில் பயிலும் நம் பிள்ளைகள் ஊர்ப் பண்டம் ஒன்றைக் கடையிற் கண்டு கலங்குவதாக எழுதுகிறார்களே, அதுவே இது.

திரும்புகையில் கடல்வழி. இருநூறு பேர் ஏறிய மரக்கலத்தில் புயல் அடித்து ஓட்டை விழுந்தது. சரக்குகள் கடலில் எறியப்பட்டன. பாஹியான் தம் குடத்தையும் வட்டிலையும் எறிந்தார். நூல்களையும் திருவுருவங்களையும் பறித்து எறிந்துவிடுவரோ என்று நடுங்கினார். ஒரு தீவில் ஒதுங்கி ஓட்டையை அடைத்து, சாவகத் தீவு எனக் கருதப்படும் இடத்தை அடைந்தனர். அங்கே ஐந்து திங்கள் தங்கி வேறு கலம் ஏறினார். ஐம்பது நாளுக்கு உணவு. ஒரு திங்கள் கடந்தபின் ஓர் இரவு மீண்டும் கரும்புயல். விடிந்ததும் கலத்திலிருந்த பிராமணர் கூடிப் பேசினர். இந்தச் சமணன் ஏறியதாலேயே நமக்கு இக்கேடு வந்தது. ஒருவனுக்காக எல்லோரும் அழிவதா? ஏதேனும் ஒரு தீவின் கரையில் இவனை இறக்கிவிடுவோம் என்றனர். (புத்த பிக்குகளையும் சமணர் என்பது அக்கால வழக்கு.)

அன்பர்களே, அந்தப் பேச்சு நமக்குப் புதிதா? கிணற்றில் நீர் வற்றினாலும், ஊரில் அம்மை பரவினாலும், மழை பொய்த்தாலும், 'இவன் வந்ததால்' என்று சுட்டப்பட்ட விரலின் முனையில் எத்தனை தலைமுறை நின்றோம்! புயலுக்குக் காரணம் பருவம். ஏழு காரணங்களை விட்டுவிட்டு ஒரு மனிதனின் மேல் கேட்டை ஏற்றுவோர் அக்கலத்திலும் இருந்தனர். குரங்கணிப் பிள்ளைகளின் மேல் பழவினையை ஏற்றும்போது நாமும் அவர்களோடு அமர்ந்து அதே பேச்சைப் பேசுகிறோம்.

அப்போது பாஹியானுக்கு உதவி வந்த வணிகன் ஒருவன் எழுந்தான். இந்தப் பிக்குவை இறக்குவதானால் என்னையும் உடன் இறக்குங்கள். இல்லையேல் என்னைக் கொன்றுவிடுங்கள். இவரை இறக்கிவிட்டு என்னைக் கொண்டுபோவீர்களாயின், கரை சேர்ந்ததும் அரசனிடம் உரைப்பேன், அவன் புத்த தருமத்தை மதிப்பவன் என்றான். மற்றவர் தயங்கினர். இறக்கத் துணியவில்லை. எழுபது நாள் கடந்தது. குடிநீர் குறைந்து, கடல்நீரிற் சமைத்தனர். பின்னர்த் திசையை மாற்றி ஓட்டிப் பன்னிரண்டு நாளில் ஒரு கரையைச் சேர்ந்தனர். எந்த நாடென்று தெரியவில்லை. கரையில் விளைந்திருந்த பழகிய கீரையைக் கண்டே அது சீன நாடென்று அறிந்தனர். அவர் காத்துக் கொணர்ந்த நூல்களும் கரை சேர்ந்தன.

அம்மையாருக்கு நாம் இப்போது கூற விரும்புவது: உங்கள் மகனிடம் நாளும் கோளும் கேட்க வேண்டா. உடன் வருவோர் யார் என்று கேளுங்கள். வனத்துறையின் அனுமதி உண்டா, வேனிலில் தீ இருக்கும் பக்கமா, வழியறிந்த உள்ளூரார் வருகின்றனரா, நீர் எவ்வளவு என்று கேளுங்கள். ஒருவன் கால் தளர்ந்தால் மற்றவர் நிற்பரா என்று கேளுங்கள். அயல்நாட்டுக்குச் சென்றாலும் இதே கேள்விதான். அவன் சினந்தால் பொறுத்துக்கொண்டு மீண்டும் கேளுங்கள். அடுத்த பௌர்ணமிக்கு அவனையும் அழைத்து வாருங்கள்; அன்று அவசரத்திற் கூறியதற்கு நாமே அவனிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்வோம்.

அந்த வணிகனைப் பற்றி மேலும் அறியப் பாஹியானின் பயண நூலை மறுபடியும் புரட்டினோம். புயல் அடித்த நேரம் இருக்கிறது, நாட்கணக்கு இருக்கிறது, ஆளுக்கு அளந்த நீரின் அளவும் இருக்கிறது. அவன் பெயர் மட்டும் எழுதப்படவில்லை.